பள்ளத்து மூலையும் கொஞ்சம் ஆன்டிமனியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் முடிஞ்சா அடுத்த ரிலீஸ். வழக்கமா நான் எழுதற சினிமா, சாப்பாடு, மேனேஜர் புலம்பல் எதுவும் இன்னிக்கு இல்லை. இன்னிக்கு மண்ணு. நிஜமாவே மண்ணு. நடுவுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், ஓடிடாதீங்க மக்களே. நானே முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபோட பெரிய கும்பிடு போட்டுட்டு வந்தவன்தான்.

விஷயம் அப்பாவோட ஒரு போன்ல ஆரம்பிச்சது.

"ஏய்யா, பண்ணைக்குட்டைக்கு மானியம் கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ஜேசிபி வருது. பள்ளத்து மூலையில வெட்டிருவோம். மழை பெஞ்சா காட்டுத் தண்ணி பூரா அங்கதான வந்து நிக்கும்."

எங்களுக்கு சாத்தூர் பக்கம் ரெண்டரை ஏக்கர் கரிசல் காடு இருக்கு. மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்திட்டா அந்த வருஷமே ஏமாத்தின மாதிரிதான். அதனால குட்டை வெட்டறதுங்கறது அப்பாவோட பல வருஷக் கனவு. நானும் சந்தோஷமா "சரிப்பா"ன்னு சொல்லி போனை வச்சேன். ராத்திரி படுத்ததுக்கு அப்புறம்தான் அந்தப் பள்ளத்து மூலை கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு.

அங்க ஒரு ஷெட் இருந்தது. 2009-லேர்ந்து 2016 வரைக்கும், பட்டாசுக்கு மருந்து கலக்கற ஒரு சின்ன யூனிட்டுக்கு காட்டோட அந்த ஓரத்தை வாடகைக்கு விட்டிருந்தோம். எங்க பக்கம் இது அதிசயம் இல்லை. மழை இல்லாத வருஷம் பயிர் கொடுக்காத காசை மருந்து ஷெட் கொடுக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் தரையையும் சட்டியையும் தண்ணி விட்டுக் கழுவுவாங்க. அந்தத் தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும். வீணான மருந்தை அங்கேயே ஒரு குழி வெட்டி எரிப்பாங்க. லீவுல போனப்ப ஒருதடவை உள்ள எட்டிப் பார்த்து ஒரு சாக்குல கையை வச்சுட்டேன். பென்சில் கரி மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிச்சு, கருஞ்சாம்பல் கலர்ல ஒரு பொடி. அப்பாகிட்ட வாங்கின திட்டு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தப் பொடியோட பேரையும் அவர்தான் சொன்னார்: ஆன்டிமனி சல்ஃபைடு.

அப்புறம் காலேஜ்ல இந்தப் பேரை வச்சு நாங்க அடிச்ச மொக்கை, "ஆன்டி-மனின்னா காசுக்கு ஆகாதவன்டா". ஆனா எங்க வீட்டுக்குக் காசு கொண்டுவந்ததே அவன்தான். என் இன்ஜினியரிங் பீஸ்ல பாதி அந்த ஷெட் வாடகை. இதை மனசுல வச்சுக்கிட்டே மேல படிங்க.

*

அடுத்த ரெண்டு வாரம் ராத்திரியெல்லாம் படிப்புதான். ஆன்டிமனி நமக்குப் புது ஆள் இல்லை. ஒரு காலத்துல கண்ணுக்கு மை தீட்ட அரைச்ச அஞ்சனக்கல் இதே ஆன்டிமனி சல்ஃபைடுதான். தீக்குச்சி மருந்துலயும் சேர்ப்பாங்க. பட்டாசுல சத்தத்துக்கும் மினுமினுப்புக்கும் சேர்த்தாங்க. 2017 ஜூலை 31-ம் தேதி சுப்ரீம் கோர்ட், பட்டாசுல ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் இந்த அஞ்சும் எந்த வடிவத்துலயும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. குடிதண்ணியில ஒரு லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல ஆன்டிமனி போகக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டு அளவு. அமெரிக்காவுல அது வெறும் 6 மைக்ரோகிராம். 2022-ல கூடின சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையோட நிபுணர் குழு, மூணு இணைதிறன் உள்ள ஆன்டிமனியை 'மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்'ங்கற பட்டியல்ல சேர்த்துச்சு.

கோர்ட் உத்தரவால புதுசா கலக்கறது நிக்கும். அதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள போனது? ஆன்டிமனி ஒரு தனிமம். குப்பை மாதிரி மக்கிப் போகாது. இடம் மாறும், உருவம் மாறும், அவ்வளவுதான்.

சரின்னு பள்ளத்து மூலையில மண்ணு அள்ளி, ஒரு லேபுக்கு அனுப்பினேன். கிணத்துத் தண்ணியும் ஒரு பாட்டில். கிணறு மேட்டுப் பக்கம் இருக்கு. தண்ணி ரிப்போர்ட்ல பயப்பட ஒண்ணும் இல்லை. மண்ணு ரிப்போர்ட்லதான் 'மொத்த ஆன்டிமனி'ன்னு ஒரு நம்பர் வந்துச்சு. சாதாரணமா பூமியோட மேல்தோட்டுல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மியாத்தான் ஆன்டிமனி இருக்கும். எங்க மூலையில அதைவிட நல்லாவே ஜாஸ்தி. நம்பரை இங்க போடலை. ஒரே ஒரு இடத்து மண்ணை வச்சு ஒரு ஊரையே பயமுறுத்த எனக்கு இஷ்டம் இல்லை.

ஆனா படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. அந்த நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு எதையும் முடிவு பண்ண முடியாது. 'டேட்டாபேஸ்ல எத்தனை ரெக்கார்டு இருக்கு'ன்னு கேக்கற மாதிரி அது. எந்த ரெக்கார்டு எந்த நிலைமையில இருக்கு, யார் பூட்டி வச்சிருக்கா, பூட்டு எப்ப திறக்கும்னு கேக்கணும். மண்ணுக்குள்ள அந்தப் பூட்டுச் சாவி ரெண்டு பேர் கையில இருக்கு. ஒண்ணு மாங்கனீஸ், இன்னொண்ணு கிருமிங்க.

*

மண்ணுல ஆன்டிமனிக்கு முக்கியமா ரெண்டு முகம். மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர்னு வச்சுக்குவோம் (எத்தனை எலெக்ட்ரானை இழந்திருக்குங்கற கணக்கு). மூணாம் நம்பர் விஷம் ஜாஸ்தி. ஆனா சோம்பேறி. இரும்புத் துரு மாதிரியான துகள்ல நல்லா ஒட்டிக்கும், நகராது. அஞ்சாம் நம்பர் விஷம் கம்மி. ஆனா ஊர்சுத்தி. தண்ணில கரைஞ்சு எதிர்மின் அயனியா ஓடும். மண் துகளோட மேற்பரப்பும் பல சமயம் எதிர்மின்னாவே இருக்கறதால, ஒட்ட வந்தாலும் தள்ளிவிடும். மண்ணுல காரம் ஏற ஏற இந்தத் தள்ளல் ஜாஸ்தியாகும். நம்ம கரிசல் காரத்தன்மை உள்ள மண்ணு. அதே கரிசல்ல சுக்கான்கல்லும் உண்டு. அதுல இருக்கற கால்சியம், அஞ்சாம் நம்பரைப் பிடிச்சு உப்பா இறுக்கி வைக்கவும் செய்யும். ஒரு கையால விட்டு இன்னொரு கையால பிடிக்கற மண்ணு!

ஆர்சனிக் பத்திப் படிச்சவங்க இங்க ஏமாந்துடுவாங்க. ஆர்சனிக்கை ஆக்சிஜனேற்றம் பண்ணா விஷமும் குறையும், பொதுவா ஓட்டமும் குறையும். ஆன்டிமனிக்கு விஷம் குறையும், ஓட்டம் கூடும். பக்கத்து வீட்டு வைத்தியம் இவனுக்கு அப்படியே செல்லாது.

இப்ப மாங்கனீஸ். பழைய டார்ச் லைட் பேட்டரியை உடைச்சு விளையாடினவங்க கை தூக்குங்க. உள்ள கை பூரா அப்பிக்கற கறுப்பு மாவு இருக்கே, அதுல பெரும்பங்கு மாங்கனீஸ் டையாக்சைடு. அதோட சொந்தக்காரன் ஒருத்தன் மண்ணுல இருக்கான், பேரு பிர்னசைட். புத்தகத்துத் தாள் மாதிரி அடுக்கடுக்கா, ரொம்ப மெல்லிசா இருக்கும். மண்ணுல இருக்கற மாங்கனீஸோட மொத்த அளவு சின்னதா இருக்கலாம். ஆனா எலெக்ட்ரானைப் பிடுங்கறதுல இது பெரிய ரவுடி. மூணாம் நம்பர் ஆன்டிமனி பக்கத்துல வந்தா ரெண்டு எலெக்ட்ரானைப் பிடுங்கி அஞ்சாம் நம்பரா மாத்திடும். பிடுங்கின ரெண்டையும் வாங்கின மாங்கனீஸ், நாலாம் நிலையிலேர்ந்து ரெண்டாம் நிலைக்கு இறங்கித் தண்ணில கரையும். கணக்கு நேர் ஆயிடுச்சு. மாத்தின அஞ்சாம் நம்பர்ல ஒரு பங்கைத் தன் மேலயே ஒட்ட வச்சுக்கும். மிச்சம் பக்கத்துல இருக்கற இரும்பு பிடிச்சா உண்டு, இல்லைன்னா தண்ணியோட போயிடும். இரும்பும் மாங்கனீஸும் கலந்த ஆக்சைடை வச்சு தண்ணில இருக்கற ஆன்டிமனியைப் பிடிக்கறதுக்கான ஆராய்ச்சிகள் நடந்ததும் இந்தக் கூட்டணியை நம்பித்தான். ஒருத்தன் மாத்துவான், இன்னொருத்தன் பிடிப்பான்.

அப்ப மாங்கனீஸ் நல்லவனா கெட்டவனா? அவசரப்படாதீங்க, கிருமிங்க இன்னும் வரலை.

*

கரைஞ்சு போன மாங்கனீஸ் மறுபடி கறுப்பு ஆக்சைடா மாறினாத்தான் வேலை தொடரும். காத்து மட்டும் இருந்தா நடுநிலையான தண்ணில இது ஆமை வேகம். பாக்டீரியா இதைப் பல ஆயிரம் மடங்கு வேகப்படுத்தும். லெப்டோத்ரிக்ஸ், சூடோமோனாஸ் புடிடான்னு நிறைய பேர் இந்த வேலை பார்க்கறாங்க. சில பூஞ்சைகளும் உண்டு. சுருக்கமா, மாங்கனீஸ் ஒரு பேட்டரின்னா கிருமிங்கதான் சார்ஜர்.

இதுல ஒரு நல்ல கதை இருக்கு. மாங்கனீஸை ஆக்சிஜனேற்றம் பண்ணி அந்த சக்தியிலயே பிழைக்கற பாக்டீரியா இருக்கணும்னு ஒரு நூற்றாண்டுக்கும் மேல ஊகம் இருந்துச்சு, ஆள் சிக்கலை. கலிஃபோர்னியாவுல கால்டெக்ல ஜாரெட் லெட்பெட்டர்னு ஒரு பேராசிரியர், மாங்கனீஸ் கார்பனேட் பூசின ஒரு கண்ணாடி ஜாடியைக் குழாய்த் தண்ணில ஊறப் போட்டுட்டு வெளியூர் வேலைக்குப் போயிட்டார். சில மாசம் கழிச்சு வந்து பார்த்தா ஜாடி கறுத்துப் போயிருக்கு. நாமளா இருந்தா விம் போட்டுத் தேய்ச்சிருப்போம். அவரும் ஹாங் யூங்கற ஆராய்ச்சியாளரும் அதை நோண்டினாங்க. கறுப்பு, மாங்கனீஸ் ஆக்சைடு. பண்ணது பாக்டீரியா. 2020-ல 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு. கழுவாத பாத்திரத்துக்குக் கிடைச்ச மரியாதை :-)

ஆன்டிமனியையே நேரடியா மாத்தற கிருமிகளும் உண்டு. சிலது மூணை அஞ்சாக்கும். சிலது அஞ்சை மூணாக்கும். கலிஃபோர்னியாவுல மோனோ ஏரிச் சேத்துலேர்ந்து பிரிச்ச ஒரு பாக்டீரியா, நாம ஆக்சிஜனை வச்சு மூச்சு விடற மாதிரி அஞ்சாம் நம்பர் ஆன்டிமனியை வச்சு மூச்சு விடுது. விட்ட மூச்சு ஆன்டிமனி ட்ரையாக்சைடு படிகமா வெளிய வருது. பேரு டெசல்ஃபூரிபாசில்லஸ் ஸ்டிபியார்சனேட்டிஸ். ஒரே மூச்சுல சொல்றவங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா என் செலவு.

இந்தப் பிரச்சனை பெரிய அளவுல இருக்கற இடம் சீனாவோட ஹூனான் மாகாணம். அங்க ஷிகுவாங்ஷான்னு ஒரு மலை. உலகத்துலயே பெரிய ஆன்டிமனிச் சுரங்கம். பேருக்கு அர்த்தம் 'வெள்ளீயச் சுரங்க மலை'. முதல்ல பார்த்தவங்க வெள்ளீயம்னு தப்பா நினைச்சு வச்ச பேரு அப்படியே நின்னுபோச்சு. நூறு வருஷத்துக்கு மேல வெட்டி உருக்கினதுல, சுத்துவட்டாரத்துல சில இடங்கள்ல ஒரு கிலோ மண்ணுல ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஆன்டிமனி. எங்க மூலையை அதோட ஒப்பிடறது, தெருக்குழாய்ச் சண்டையை உலகப் போரோட ஒப்பிடற மாதிரி. ஆனா விதி ரெண்டு இடத்துக்கும் ஒண்ணுதான்.

*

என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இடம்தான். மண்ணுல தண்ணி தேங்கினா என்ன ஆகும்?

ஊறின மண்ணுல சில நாள்லயே ஆக்சிஜன் தீர்ந்துடும். கிருமிங்க மூச்சு விட வேற ஆளைத் தேடும். அதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல நைட்ரேட். அது தீர்ந்தா மாங்கனீஸ் ஆக்சைடு. அப்புறம் இரும்பு. அப்புறம் சல்ஃபேட். அதாவது ஆன்டிமனியைத் தன் மேல ஒட்ட வச்சிருந்த மாங்கனீஸ், சீக்கிரமே கரையற வரிசையில முன்னாடி நிக்குது. அது கரைஞ்சா ஒட்டியிருந்தது அவிழும். கொஞ்ச நாள் போனா வேற கிருமிங்க அஞ்சாம் நம்பரை மூணாக்கும். அது மிச்சம் இருக்கற இரும்புல ஒட்டும். சல்ஃபைடு உருவாச்சுன்னா அதோட சேர்ந்து மறுபடி ஆன்டிமனி சல்ஃபைடாவே படியக்கூட செய்யும். நான் சாக்குல தொட்ட அதே பொருள்! எப்பவும் தண்ணிக்குள்ளயே மூழ்கிக் கிடந்தா அது ஒரு மாதிரி பூட்டிக்கும்.

ஆனா எங்க ஊர்க் குட்டை எப்பவும் தண்ணியோட இருக்குமா? ஐப்பசியில நிறையும், மாசியில வத்தும், சித்திரையில கரிசல் கை நுழையற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியா ஆழத்துக்குக் காத்து போகும். காத்து போனா கிருமிங்க மாங்கனீஸை மறுபடி கறுப்பாக்கும். மாங்கனீஸ் ஆன்டிமனியை மறுபடி அஞ்சாக்கும். அடுத்த ஐப்பசிக்கு முதல் தண்ணி வர்றப்ப ஊர்சுத்தி ரெடியா நிப்பான். வருஷா வருஷம் பூட்டைத் திறந்து திறந்து மூடற வேலை. அதுவும் ஆடு மாடு வாய் வைக்கப் போற, பருத்திக்கும் உளுந்துக்கும் இறைக்கப் போற தண்ணில.

*

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். போறப்பவே மருந்துக்கடையில ஒரு பாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிக்கிட்டேன், புண்ணு கழுவறதுதான். கரிசல்ல துவரம்பருப்பைவிடச் சின்னதா கறுப்பு உருண்டைங்க கிடைக்கும் பார்த்திருக்கீங்களா? இரும்பும் மாங்கனீஸும் சேர்ந்து உருண்டது. நாலு பொறுக்கி அம்மாவோட எவர்சில்வர் தட்டுல போட்டு ரெண்டு சொட்டு விட்டேன். புஸ்ஸுன்னு நுரை. மாங்கனீஸ் ஆக்சைடு பெராக்சைடை உடைச்சு ஆக்சிஜனைத் துரத்தற நுரை. மண்ணு ஆராய்ச்சி பண்றவங்க காட்டுலயே செய்யற சோதனை இது.

அப்பா குனிஞ்சு பார்த்தார். நான் படிச்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நாப்பது வருசமா இந்த மண்ணுலதான் நடக்குறேன். எனக்கு என்ன ஆச்சு?" அதுக்குப் பதில் வச்சிருந்தேன். மண்ணுல நடக்கறது வேற, தண்ணில கரைச்சுக் குடிக்கறது வேறன்னு.

ரெண்டாவது கேள்விக்குப் பதில் வச்சிருக்கலை.

"அப்ப நான்தான் காட்டைக் கெடுத்துட்டேங்கியா?"

"அப்படி இல்லப்பா"ன்னு ஆரம்பிச்சேன். மேல வரலை. எப்படி வரும்? அந்த வாடகையில படிச்சவன், அந்தப் படிப்பை வச்சுக்கிட்டு வந்து, அந்த வாடகை தப்புன்னு தட்டுல நுரை காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மாங்கனீஸும் கிருமியும் எல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போச்சு. அம்மாதான் உள்ளேர்ந்து, "அன்னிக்குத் தெரிஞ்சா விட்டாக? சோறு ஆறுது, வாங்க"ன்னாங்க. அப்பா சாப்பிட்டார். பேசலை.

ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சா ஆள் வீட்டுல இல்லை. காட்டுக்குப் போனேன். பள்ளத்து மூலையில அடிச்சிருந்த முளைக்குச்சி நாலையும் பிடுங்கிட்டு, கிணத்துக்குக் கீழ மேட்டுப் பக்கம் அடிச்சுக்கிட்டு இருந்தார். அங்க தண்ணி தானா வந்து நிக்காது. வாய்க்கா வெட்டித் திருப்பணும். குட்டையும் சின்னதாத்தான் வரும். பாதித் தண்ணி போச்சுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஆபீசருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ கம்பை நேரா பிடி"ன்னார். பிடிச்சேன்.

இப்ப குட்டை மேட்டுல வெட்டியாச்சு. மேட்டுத் தண்ணி பள்ளத்து மூலைக்குப் போகாம ஒரு வரப்பும் போட்டாச்சு. அந்த மூலையை உழறது இல்லை. சாப்பிடற பயிர் எதுவும் அங்க போடறது இல்லைன்னும் முடிவு. வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிஞ்சதும், கிணத்துத் தண்ணியை சோதிக்கறது என் பொறுப்பு.

போன வாரம் அப்பா போன்.

"ஏய்யா, மருந்துக்கடையில ரெண்டு பாட்டில் வாங்கி காடு பூரா ஊத்திப் பார்த்தேன். மேட்டுலயும் பொங்குதுய்யா."

"அது மாங்கனீஸ்ப்பா. எல்லா இடத்துலயும் இருக்கும். ஆன்டிமனி இருந்தா பொங்காது, அது லேபுலதான் தெரியும்."

"அப்ப இந்த மாங்கனீசு இருக்கறது நல்லதா கெட்டதா? ஒண்ணைச் சொல்லு."

"தண்ணி நிக்கறதைப் பொறுத்துப்பா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "அதைத்தான் எங்கய்யா பயிருக்கும் சொல்லுவாரு"ன்னு சொல்லி வச்சுட்டார்.

பி.கு. 1: பதிவர்கள்ல மண்ணியல் படிச்சவங்க யாராவது இருந்தா தப்பு இருக்கற இடத்துல தலையில குட்டுங்க. திருத்திடறேன்.

பி.கு. 2: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கத்துல பழைய மருந்து ஷெட் இருந்த காடு உங்க வீட்டுலயும் இருந்தா, அங்க குட்டையோ கிணறோ வெட்டறதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் ஒருதடவை பார்த்துடுங்க. வீட்டுல பெரியவங்ககிட்ட பேசறப்ப மட்டும், என்னை மாதிரி தட்டுல நுரை வச்சு ஆரம்பிக்காதீங்க.